கிண்டியில் காடு, நம்ம வரப்பில் புதரா?

சென்னைக்கு வராத உழவர் இல்லை. மயிலாப்பூரில் சொந்தக்காரர் வீட்டு விசேஷம், தி. நகரில் கல்யாண ஜவுளி, அடையாறில் டாக்டர் என்று வருஷத்துக்கு ரெண்டு தடவையாவது வந்து போகிறோம். அடுத்த தடவை வரும்போது ஒரு நாள் கூடுதலாக ஒதுக்கிக்கொண்டு வாருங்கள். மால் பார்க்க இல்லை, பீச்சுக்கும் இல்லை. காடு பார்க்க. கிளாம்பாக்கத்தில் இறங்கி இன்னொரு பஸ் ஏறினால் போய்ச் சேர்ந்துவிடக்கூடிய காடு.

காடு என்றாலே முதுமலை, டாப்ஸ்லிப், கொல்லிமலை என்றுதான் நம் ஆட்கள் வேன் பிடிக்கிறார்கள். போகட்டும், நல்லதுதான். ஆனால் அந்த மலையில் பார்த்த சோலை மரத்தைக் கொண்டுவந்து மதுராந்தகத்திலோ திண்டிவனத்திலோ வைத்தால் வருமா? மண் வேறு, மழை வேறு, உயரம் வேறு. கடற்கரையை ஒட்டிய சமவெளியில் பயிர் வைக்கிற நமக்குப் பாடம் சொல்லக்கூடிய காடு வேறொன்று. அது ஒரு காலத்தில் ஆந்திரக் கரையிலிருந்து ராமநாதபுரம் வரை நீளமாகப் பட்டைபோல் இருந்தது. இப்போது கோயில் காடுகளாகவும் துண்டு துக்காணியாகவும்தான் மிஞ்சியிருக்கிறது. அந்தத் துண்டுகளில் ஒன்று, ஆளுநர் மாளிகையை ஒட்டி, நகரத்தின் நடுவில் நிற்கிறது.

நான் நாற்பது வருஷம் மயிலாப்பூர்வாசி. வங்கி வேலை. ரிட்டையர் ஆனபிறகு மதுராந்தகம் பக்கம் நாலு ஏக்கரில் நெல், மணிலா, கொஞ்சம் சப்போட்டா. மாதத்துக்கு ஒருமுறையாவது நகரத்துக்கு வரவேண்டியிருக்கிறது. வரும்போதெல்லாம் கிண்டிக்கோ அடையாறுக்கோ ஒரு நடை போய்விடுவேன். அப்படி நடந்ததில் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன்.

முதலில் காட்டின் பத்திரத்தைப் பார்த்துவிடுவோம். பழைய உத்தியோகப் பழக்கம், வில்லங்கம் பார்க்காமல் மேலே போக மனசு வராது. கிண்டிக் காட்டை 1821-இல் கில்பர்ட் ரோட்ரிக்ஸ் என்ற வெள்ளைக்காரரிடமிருந்து 35,000 ரூபாய்க்கு அரசாங்கம் வாங்கியது. 1910-இல் சுமார் 505 ஹெக்டேர் காப்புக்காடு ஆனது. பிறகு ஆரம்பித்தது பாகப்பிரிவினை. 1958-இல் ஐ.ஐ.டி.க்கு ஒரு பங்கு போனது. அதே வருஷம் மான் பூங்காவுக்கும் சிறுவர் பூங்காவுக்கும் ஒரு பங்கு. 1961-க்கும் 1977-க்கும் நடுவில் கல்வி நிலையங்கள், நினைவு மண்டபங்கள் என்று சுமார் 172 ஹெக்டேர் கை மாறியது. மிச்சமிருந்ததை 1978-இல் தேசியப் பூங்கா என்று அறிவித்தார்கள். இன்று சுமார் 270 ஹெக்டேர், நம் கணக்கில் 670 ஏக்கருக்குக் கொஞ்சம் குறைவு. ஒரு நடுத்தர ஏரியின் ஆயக்கட்டு அளவுதான். அதற்குள் 350-க்கும் மேற்பட்ட தாவர வகைகள் இருக்கின்றன.

உள்ளே இருக்கிற நீர்நிலைகளில் ஒன்றுக்குக் காத்தான் கொல்லை என்று பேர், இன்னொன்று அப்பளங்குளம். கொல்லை என்றால் நமக்குத் தெரியாதா? புன்செய். எந்தக் காத்தான் அங்கே கேழ்வரகு விதைத்தாரோ!

சரி, இது என்ன காடு? சாம்பியன், சேத் என்ற வனவியலாளர்கள் 1968-இல் இந்தியக் காடுகளை 16 பெரும் வகைகளாகப் பிரித்தார்கள். அதில் 7-ஆவது, வெப்பமண்டல உலர் பசுமைமாறாக் காடு. பேரிலேயே ஒரு முரண் இருக்கிறது பாருங்கள். உலர்ந்த இடம், ஆனாலும் பசுமை மாறாது. பொதுவாக, வருஷத்தில் அஞ்சாறு மாதம் வறட்சி இருந்தால் மரங்கள் இலையை உதிர்த்துவிட்டு மொட்டையாக நின்று தப்பிக்கும். மழை நிறைய கிடைத்தால்தான் எப்போதும் பச்சையாக நிற்கும். நம் கரையில் இரண்டும் இல்லாத ஒரு ஏற்பாடு. ஐப்பசி கார்த்திகையில் கொட்டித் தீர்க்கிறது. தை பிறந்தால் வானம் மூடிக்கொள்கிறது. அப்புறம் கோடைமழை வந்தால் உண்டு. இந்தக் காட்டு மரங்கள் அதற்குத் தக்கபடி சின்ன இலை, தடித்த இலை, மெழுகு பூசினமாதிரி இலை என்று அமைத்துக்கொண்டு, தண்ணீரை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கின்றன. மே மாதம் போய்ப் பாருங்கள். நம் வயல் வெடித்துக்கிடக்கும். அங்கே போர் இல்லை, சொட்டுநீர் இல்லை, ஆனால் நிழல் இருக்கிறது.

அந்தப் புதர் எது?

சர்தார் படேல் சாலையில் சிறுவர் பூங்கா வாசலில் டிக்கெட் வாங்கி உள்ளே போனால், கூண்டுகளைத் தாண்டி ஓரமாக நடந்தாலே இந்தக் காட்டின் விளிம்பு கண்ணில் படும். நிறைய பேருக்கு ஏமாற்றமாக இருக்கும். வானளாவிய மரம் கிடையாது. முக்கால்வாசி ஆள் உயரம், ஒன்றரை ஆள் உயரம். முள்ளும் கொடியும் பின்னிக்கிடக்கும். 'என்னங்க இது, புதர் மாதிரி இருக்கு' என்பார்கள்.

அங்கேதான் நின்று பார்க்க வேண்டும்.

களா, காரை, சூரைமுள், வெள்ளைப்பூலா, கொஞ்சி, காட்டு எலுமிச்சை, நுணா, விராலி, காசான், மிளகரணைக் கொடி. இந்தக் காட்டு வகையின் குடும்பப் பட்டியல் இது. பெயரைப் படிக்கும்போதே உங்களில் பாதிப் பேருக்கு 'இது நம்ம ஏரிக்கரையில இருக்கே, ஐயனார் கோயில் பின்னாடி இருக்கே' என்று தோன்றியிருக்கும். ஆமாம். நகரத்தில் வேலி போட்டு, காவலர் வைத்துக் காப்பாற்றுகிற அதே செடிகளைத்தான் நம் ஊரில் ஒரு மணி நேரத்துக்கு இவ்வளவு என்று பேசி ஜேசிபி விட்டு வாருகிறோம்.

இதில் முக்கியமான ஒரு விஷயம். இந்த மரங்கள் வெட்ட வெட்டத் தூரிலிருந்து தழையும். காசானை வெட்டினால் நாலு கிளையாக வரும், மறுபடி வெட்டினால் எட்டாக வரும். நூறு வருஷமாக விறகுக்கு வெட்டி, ஆடு மேய்ந்து, தீ வைத்து வந்த இடத்தில் மரம் எப்படி மரமாக நிற்கும்? புதராகத்தான் நிற்கும். ஆக, நாம் புதர் என்று சொல்வதில் பெரும்பாலானவை குட்டையாக்கப்பட்ட மரங்கள். மேலே மணிக்கட்டு கனம்தான் இருக்கும். கீழே தூரைத் தோண்டிப் பார்த்தால் அண்டா அகலத்துக்குக் கட்டை இருக்கும். அந்தத் தூரின் வயசு உங்களுக்கும் எனக்கும் மேல் இருக்கலாம். இந்தக் காட்டு மரங்கள் வளர்வது மெதுவோ மெது. அதனால்தான் கருங்காலி, பாலை எல்லாம் இரும்புபோல இருக்கின்றன. ஒருமுறை தூரோடு பிடுங்கிவிட்டால் அந்த இடத்தில் அதே நிலைக்குத் திரும்ப உங்கள் பேரன் காலமும் போதாது.

மாறாக, ஆடு நுழையாமல் தடுத்து, அரிவாள் படாமல் விட்டுவைத்தால், நீங்கள் எதுவும் நட வேண்டாம், தண்ணீர் ஊற்ற வேண்டாம். பழைய வேரின் பலத்தில் ஏழெட்டு மழைக்காலத்தில் தலைக்குமேல் நிழல் வந்துவிடும். ஆயிரம் கன்று நட்டுப் படம் எடுத்து, அதில் எண்ணூறு கருகுவதைவிட இது எனக்குப் புத்திசாலித்தனமாகப் படுகிறது. கன்று நடும் விழாவுக்கு வருகிற விருந்தினர்கள் இதற்கு வரமாட்டார்கள், அது ஒன்றுதான் குறை.

சருகும் சப்போட்டாவும்

காட்டின் தரையைப் பாருங்கள். தேசியப் பூங்காவின் உட்பகுதிக்குள் போக வன உயிரினக் காப்பாளரின் அனுமதி வேண்டும். பள்ளிக் குழந்தைகளையோ குழுவாகவோ அழைத்துப் போகிறவர்கள் முன்கூட்டியே எழுதிக் கேட்டால் வழிகாட்டியோடு விடுவதுண்டு. அது கிடைக்கவில்லை என்றால் அடையாறு ஆற்றங்கரையில் பிரம்மஞான சபை வளாகம் இருக்கிறது. 1882-இலிருந்து சபை அங்கே இருக்கிறது, சுமார் 250 ஏக்கர். பொதுமக்களை அனுமதிக்கும் நேரம் அவ்வப்போது மாறுவதால் விசாரித்துவிட்டுப் போங்கள். அங்கே உள்ள பெரிய ஆலமரத்தைப் பார்க்காதவர்கள் பார்க்கணும். 1989-இல் அடித்த புயலில் அதன் தாய்மரம் சாய்ந்துவிட்டது. விழுதுகள் ஒவ்வொன்றும் மரமாகி நின்றதால் ஆலமரம் இன்னும் இருக்கிறது.

அங்கே பெருக்காத பகுதியில் ஒரு குச்சியால் சருகை மெல்ல விலக்கினால் மூன்று அடுக்கு தெரியும். மேலே முழு இலை, மொறுமொறுப்பாக. நடுவில் உடைந்து, வெள்ளை நூல்போலப் பூஞ்சணம் ஓடிய இலை. அடியில் இலை எது, மண் எது என்று பிரிக்கமுடியாத கறுப்பு. தை மாசிக்குள் போனால் ஒரு குருவியும் இந்தப் பாடத்தை நடத்திக் காட்டும். ஆறுமணிக்குருவி. குளிர்காலத்துக்கு வடக்கே இருந்து வந்து இந்தத் தோப்புகளில் தங்கும். தரையில் தத்தித் தத்திச் சருகைப் புரட்டிப் பூச்சி, புழு பொறுக்கும். சருகைக் கூட்டிக் கொளுத்திய தோட்டத்தில் அதற்கு இரை இல்லை.

நமக்கு மூடாக்கு புதுசில்லை. ஆனால் எந்த இலையை எதற்குப் போடுவது என்பதை இந்தக் காடு தெளிவாகக் காட்டுகிறது. தடித்த, மெழுகு இலை மக்க நாளாகும். தையில் விழுந்த சருகு கோடை முழுதும் மண்ணுக்குக் குடையாக இருந்து, பெருமழை வந்தபிறகுதான் கரையும். அதாவது வெயில்காலத்தில் மூடி, மழைக்காலத்தில் எரு. கிளைரிசிடியா, அகத்தி, புங்கம் போன்ற மெல்லிய தழை சீக்கிரம் மக்கிப் பயிருக்குச் சத்தாகும், ஆனால் ரெண்டு மூணு வாரத்தில் மண் மறுபடி வெறுமையாகிவிடும். மா, முந்திரி, தென்னை மட்டை, வரப்போரக் காசான் சருகு எல்லாம் மூடியாக இருக்கும். என் சப்போட்டாவுக்கு அடியில் மெல்லிய தழையை முதலிலும் அதற்குமேல் நாலு விரல் கனத்துக்குத் தடித்த சருகையும் போடுகிறேன். தண்டிலிருந்து ஒரு சாண் தள்ளி. தண்டோடு ஒட்டிப் போட்டால் கரையான் ஏறும். போன கோடையில் பத்து நாளைக்கு ஒரு தண்ணீர் போதுமானதாக இருந்தது. ஒன்று மட்டும், மூடாக்குக்காகக் கோயில் காட்டுச் சருகை டிராக்டரில் அள்ளி வந்துவிடாதீர்கள். அது அந்தக் காட்டின் முதல். நாம் அள்ள வேண்டியது நம் தோப்பில் விழுவதை.

ஜீவாமிர்தம் போடுகிறோமே, 200 லிட்டர் தண்ணீருக்கு 10 கிலோ சாணம், கோமியம், வெல்லம், பயறு மாவு. அதோடு ஒரு கைப்பிடி மண். எந்த மண்? ரசாயனம் படாத, உழாத, மரத்தடி மண். வரப்பை ஜேசிபி வைத்து வழித்து முள்கம்பி கட்டிவிட்ட நிலத்தில் அந்தக் கைப்பிடியை எங்கே போய் எடுப்பீர்கள்?

சப்போட்டா என்றதும் நினைவுக்கு வருகிறது. இந்தக் காட்டு வகைக்கே அடையாளமாகச் சொல்லப்படுகிற மரம் பாலை. கோடியக்கரைக் காட்டுக்குப் போனவர்கள் நிறைய பார்த்திருப்பார்கள். இலங்கையில் வன்னிப் பக்கத்துத் தமிழர்களிடம் பாலைப்பழம் என்று சொன்னாலே முகம் மலரும். உலக்கை செய்கிற கடினமான மரம் என்பதால் உலக்கைப்பாலை என்றும் சொல்வார்கள். நாம் நர்சரியில் வாங்குகிற ஒட்டுச் சப்போட்டாவுக்கு வேர்ச்செடி இதுதான். சப்போட்டா மெக்சிகோ பக்கத்து மரம். அது இங்கே வறட்சி தாங்கி, காற்றுக்குச் சாயாமல் நிற்க வேண்டுமென்றால் இந்த மண்ணின் வேர் வேண்டும் என்று கண்டுபிடித்து, பாலைக் கன்றின்மேல் ஒட்டுக்கட்டினார்கள். இதைச் சொன்னால் சப்போட்டா வைத்திருக்கிற நண்பர்களே நம்புவதில்லை. உங்கள் தோப்பில் ஒட்டுக்குக் கீழே ஒரு துளிர் வந்தால் உடனே கிள்ளிவிடுவீர்கள், சரிதான், கிள்ளத்தான் வேண்டும். கிள்ளுமுன் ஒருதரம் அந்த இலையைப் பாருங்கள். நுனி வட்டமாக, நடுவில் லேசாக உள்வாங்கி இருக்கும். கடற்கரைக் காட்டுப் பாலை அது.

காசானைப் பற்றி ஒரு வார்த்தை. காயா என்பதும் இதுதான். காயாம்பூ வண்ணன் என்று பெருமாளைப் பாடுகிறோம், திருவல்லிக்கேணியில் தினமும் பாடுகிறார்கள். அந்தப் பூவைக் காட்டு என்றால் எத்தனை பேர் காட்டுவார்கள்? தண்டோடு ஒட்டிக் கொத்துக்கொத்தாக நீலமாகப் பூக்கும். பூக்கிற நேரத்தில் பக்கத்தில் நின்றால் தேனீ இரைச்சல் காதை அடைக்கும். அவரை, புடலை, பூசணி போடுகிறவர்களுக்கு இதன் விலை தெரியும்.

வன்னியும் வேலிக்காத்தானும்

கிண்டி அப்படியே கலப்படமில்லாத காடு என்று சொல்லவில்லை. வேலிக்காத்தான் என்கிற சீமைக்கருவேல், உண்ணிச்செடி, சவுண்டல் எல்லாம் நகரத்துக் காடுகளிலும் நுழைந்திருக்கின்றன. இதை அகற்றத்தான் வேண்டும். ஆனால் அகற்றுகிற முறையில்தான் நம் ஊர்களில் பெரிய சேதம் நடக்கிறது. வேலிக்காத்தானைக் காட்டி ஜேசிபி வருகிறது. வந்தால் அதனடியில் குருவி எச்சத்தில் முளைத்து, அதன் நிழலிலேயே வளர்ந்த வேம்பு, நுணா, வெள்ளைப்பூலா எல்லாமும் ஒரே வாரில் போய்விடுகிறது. மிஞ்சுவது வெறும் மண். வெறும் மண்ணில் அடுத்த மழைக்கு முதலில் முளைப்பது மறுபடி வேலிக்காத்தான். ஆளை வைத்து, அதை மட்டும் வெட்டி, கட்டையைத் தோண்டி எடுங்கள். கூலி கூடுதல், நாளும் கூடுதல். ஆனால் மறுவருஷம் அதே செலவு திரும்பி வராது.

இன்னொரு குழப்பம், வன்னியையும் வேலிக்காத்தானையும் ஒன்றாக நினைப்பது. ரெண்டும் நெருங்கிய சொந்தம். வன்னியைப் பார்க்க திருவான்மியூர் மருந்தீசுவரர் கோயிலுக்குப் போங்கள், தலமரம் அது. வேலிக்காத்தானில் முள் இலைக்காம்பு புறப்படும் கணுவில் ஜோடியாக, நீளமாக இருக்கும். வன்னியில் கணுக்களுக்கு நடுவில் கிளைமேல் சின்னச்சின்னதாக ரோஜா முள்போல இருக்கும். வேலிக்காத்தான் காய் மஞ்சளாகத் தடித்திருக்கும், வன்னியினுடையது மெல்லிசு. ராஜஸ்தானில் வன்னியைக் கம்பு வயலுக்கு நடுவிலேயே விட்டு உழுகிறார்கள். வேர் ஆழமாகப் போவதால் பயிரோடு போட்டி போடாது, அடியில் மண் வளம் கூடும், தழை ஆட்டுக்கு. வரப்பில் ரெண்டு வன்னி இருந்தால் தப்பில்லை. வேலிக்காத்தான் என்று நினைத்து வன்னியை வெட்டினவர்களை எனக்குத் தெரியும்.

மயிலாப்பூருக்கு வந்தால் கபாலீசுவரர் கோயிலில் புன்னை. அதுவும் தலமரம். உப்புக்காற்றைத் தாங்கும் மரம், கடலோர நிலத்தில் காற்றுத்தடுப்புக்கு ஏற்றது. கொட்டை எண்ணெய் விளக்குக்கு ஆகும். தலமரங்களை வெறும் பக்தியாகப் பார்க்காமல் 'இந்த மண்ணுக்கு எந்த மரம்' என்று முன்னோர் எழுதிவைத்த பதிவேடாகவும் பார்க்கலாம் என்பது என் எண்ணம். 2016 டிசம்பர் 12-ஆம் தேதி வர்தா புயல் அடித்தபோது அடையாறிலும் தி. நகரிலும் சாலையை அடைத்து விழுந்து கிடந்ததில் தூங்குமூஞ்சி, குல்மொகர் மாதிரி வந்த மரங்கள் எவ்வளவு என்று நாங்கள் கண்ணால் பார்த்தோம்.

உப்பு நிலக்காரர்கள் சாந்தோமுக்கு அடுத்த தொல்காப்பியப் பூங்காவையும் பார்க்க வேண்டும். அடையாறு முகத்துவாரத்துக் கழிமுகம். குப்பையும் கட்டட இடிபாடும் கொட்டிக்கிடந்த 58 ஏக்கரைத் தூர்வாரி, இந்தக் கரைக்கே உரிய செடிகளை நட்டு, 2011 ஜனவரியில் திறந்தார்கள். அந்த வேலையில் ஆரோவில்லின் பிச்சாண்டிக்குளம் குழுவினருக்குப் பெரிய பங்கு. ஆரோவில்லே ஒரு பாடம்தான். 1968-இல் ஆரம்பித்தபோது செம்மண் பொட்டலாக இருந்த மேட்டில் வரப்பு போட்டு மழையை நிறுத்தி, இதே காட்டு வகையைத் திரும்ப வளர்த்திருக்கிறார்கள்.

மான், நரி, பன்றி

விலங்கு பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்குப் புள்ளிமான் கட்டாயம் தெரியும். அதிர்ஷ்டம் இருந்தால் வெளிமான். ஆண் மேலே கறுப்பு, கீழே வெள்ளை, முறுக்கிய கொம்பு. இதை அடர்ந்த காட்டுக்குள் தேடாதீர்கள். அதற்குப் புல்வெளி வேண்டும். கிண்டியில் போலோ மைதானம் என்று சொல்கிற திறந்த வெளிதான் அதற்குப் பிடித்த இடம். மரம் மண்டினால் அது ஒதுங்கிப்போகும். இதையும் மனசில் வையுங்கள். வெறுமையாகத் தெரிகிற மேய்க்கால் நிலத்தில் எல்லாம் மரம் நட்டே தீருவது என்று கிளம்புகிறவர்கள் நம் இயக்கத்திலும் உண்டு. புல்லுக்கும் ஒரு நிலம் வேண்டும். நாட்டுமாடு வைத்திருப்பவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

நரி, கீரி, மரநாய், புனுகுப்பூனை, ஆந்தை, சாரை. இவை எல்லாம் நகரத்துக்கு நடுவில் அந்த 670 ஏக்கரில் வாழ்கின்றன. நம் ஊரில் நரி ஊளை கேட்டு எத்தனை வருஷம் ஆயிற்று? மயில் பெருத்துவிட்டது, மணிலா விதையைப் பொறுக்குகிறது என்று கூட்டத்துக்குக் கூட்டம் மனு கொடுக்கிறோம். மயில் முட்டையைத் தின்னும் நரிக்கும் கீரிக்கும் உடும்புக்கும் பதுங்க ஒரு புதர் விட்டுவைக்கவில்லை என்பதையும் அந்த மனுவில் சேர்த்து எழுதலாம். எலிக்கும் அதே கதைதான்.

'புதர் இருந்தால் பன்றி தங்கும் சார்' என்பார்கள். தங்கும். மறுக்கமாட்டேன். அகலமாக, இருட்டாக ஒரு மூலை கிடைத்தால் காட்டுப்பன்றி குட்டியே போடும். அதனால் மணிலா, மரவள்ளி போடுகிற நிலத்தை ஒட்டி அகலமான காடு வளர்க்கச் சொல்லவில்லை. ஆறடி, எட்டடி அகலத்துக்கு வரப்பு நீளவாக்கில் உயிர்வேலி இருக்கட்டும். களா, சூரை, காரை மாதிரி முள்ளுள்ளதை வெளிப்பக்கம் நெருக்கமாக விடுங்கள். அடிக்கிளையை வருஷம் ஒருமுறை வளைத்துப் பின்னிவிட்டால் மாடு நுழையாது, பன்றிக்கும் சிரமம். என் கிழக்கு வரப்புக்குக் கல்தூணும் முள்கம்பியும் போட ஒரு லட்சத்துக்கு மேல் கொட்டேஷன் வந்தது. உயிர்வேலிக்கு ஆன செலவு ரெண்டு ஆளுக்கு ஆறு நாள் கூலி. களாக்காய் ஊறுகாய் தனி வரவு.

விவசாயமும் காட்டுயிரும் எதிரெதிர் என்று நினைப்பவர்கள் எங்கள் பக்கத்து வேடந்தாங்கலைப் பார்க்கட்டும். பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியிலேயே, பறவையைச் சுடவருகிறவர்களைத் தடுக்க வேண்டும் என்று ஊர்க்காரர்கள் கலெக்டரிடம் எழுத்துமூலம் உரிமை வாங்கினார்கள். பறவை எச்சம் கலந்த ஏரித்தண்ணீர் வயலுக்கு எருவோடு பாய்கிறது என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

எங்கள் ஊர் ஐயனார் கோயிலைச் சுற்றி முக்கால் ஏக்கர் இருக்கிறது. திருப்பணியோடு சேர்த்து அதைச் 'சுத்தம் செய்து' சிமென்ட் தளம் போடலாம் என்று ஒரு பேச்சு. வண்டி நிறுத்த வசதி வேண்டும் என்று இளைஞர்கள் கேட்பதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. வாதம் பண்ணிப் பயனில்லை என்று, போன மாசியில் குழுவில் இரண்டு பேரைக் கிண்டிக்குக் கூட்டிவந்தேன். ஓரமாக நடந்துகொண்டே இருந்தவர், வயசில் என்னைவிட மூத்தவர், ஒரு இடத்தில் நின்று இலையைக் கிள்ளாமல் தடவிப் பார்த்தார். "என்ன சார், இது நம்ம காசாஞ்செடிதானே? இதைப் பாக்கவா டிக்கெட்டு?" என்றார். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், "கோயில் பின்னாடி இதைவிடப் பெருசு இருக்குதே" என்றார். ஊருக்குத் திரும்பினதும் தளத்தை முன்பக்கம் மட்டும் போடலாமா என்று அளந்து பார்த்திருக்கிறார்கள். தீர்மானம் இன்னும் ஆகவில்லை. ஊர்க்கூட்டம் ஆடிக்குப் பிறகு.

போகிறவர்களுக்கு

காலையில் போங்கள், ஏழு எட்டு மணி வாக்கில். விடுமுறை நாளை முன்னாலேயே கேட்டுக்கொள்ளுங்கள். ஒரே நாளில் எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டும் என்று ஓடாதீர்கள். கிண்டி ஓரம் இரண்டு மணி நேரம், பக்கத்திலேயே 1972-இல் தொடங்கிய பாம்புப் பண்ணை, பிறகு ஒரு கோயில் மரம், இது போதும். பாம்புப் பண்ணையில் நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை நாலையும் சாரையிலிருந்து பிரித்துப் பார்க்கக் கற்றுக்கொண்டு வந்தால் எலி பிடிக்கிற சாரையை அடித்துக் கொல்லாமல் இருப்போம்.

பத்துச் செடிக்குமேல் ஒரு நாளில் மனசில் நிற்காது. பத்தே பத்து எடுத்துக்கொள்ளுங்கள். இலை எதிரெதிரா, மாறிமாறியா, முள் எங்கே, கசக்காமலே வாசனை வருகிறதா என்று நோட்டில் எழுதுங்கள். நாரத்தை வாசனை வந்தால் காட்டு எலுமிச்சை குடும்பம். எலுமிச்சைக் கன்றின் இலையைத் தின்கிற புழு இதிலும் வாழும். காட்டில் இது இருந்தால் கறுப்புப் பட்டாம்பூச்சி நம் கன்றை மட்டும் தேடிவராது.

தேசியப் பூங்காவிலிருந்து ஒரு விதைகூட எடுக்கக் கூடாது. 1972-ஆம் வருஷத்து வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் அப்படி. எடுக்க வேண்டிய அவசியமும் இல்லை. ஊருக்குத் திரும்பி, அதே நோட்டோடு உங்கள் ஏரிக்கரை, கோயில், சுடுகாட்டு ஓரம் ஒரு நடை போனால் பத்தில் ஆறாவது கிடைக்கும். கிடைத்ததில் ஒரு துணியைக் கட்டிவைத்தால், வரப்பு வெட்ட வருகிற ஆட்களிடம் 'துணி கட்டினதைத் தொடாதீங்க' என்று சொல்லிவிடலாம்.

புதிதாக வளர்க்க நினைக்கிறவர்கள் பாலையிலிருந்து ஆரம்பியுங்கள். பழம் வைகாசி ஆனியில் பழுக்கும். தின்றுவிட்டுக் கொட்டையைக் கழுவி உடனே போட்டுவிட வேண்டும், நாள்பட்டால் முளைப்பு குறையும். ஓடு கெட்டி என்பதால் உரசிப் போட்டால் நல்லது. பையில் ஒரு வருஷம் பொறுமையாக வைத்து, அடுத்த ஐப்பசி மழைக்கு வரப்பில் நடுங்கள். முதல் ரெண்டு வருஷம் 'சார், இது வளரவே இல்லையே' என்று பார்க்கிறவர்கள் கேட்பார்கள். வேர் கீழே போய்க்கொண்டிருக்கும். பக்கத்தில் வெள்ளைப்பூலாவோ நுணாவோ இருந்தால் வெட்டாதீர்கள், வெயிலுக்கு அதுதான் பந்தல்.